பெட்டியைப் பழக்குதல்

காமினி மூட்லி காரின் பின்கதவைத் திறந்தபோது
முதலில் இறங்கியது வாடைதான்.
டர்பன் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கை மூடினார்களாம்;
கணக்கில் வராமல் மிஞ்சிய சரக்கு இது.
அட்டையில் எழுதியிருந்தது:
பெண். வயது பன்னிரண்டு, கூடக்குறைய.
பெயர் டச்சஸ். சிறுநீரகம் சுமார். பல் நாலு.

"எட்டு வாரம்தான். ஆளாக்கிக் கொடு" என்றாள்.
"எல்லோரும் குட்டிதான் கேட்கிறார்கள்."

நான் ஆளாக்கினேன்.
காலையில் அரை மாத்திரை.
பில்ச்சர்ட் டப்பாவில் மீனைத் தள்ளிவிட்டு
தக்காளிச் சாற்றை விரல்நுனியில் தொட்டு
அதில் மறைத்து.
துப்பினால் மறுபடியும்.
மறுபடியும் துப்பினால், "வாடி, ராஜாத்தி மாதிரி நடிக்காதே"
என்று ஒரு அதட்டல்.

கூரையில் குரங்குக் கூட்டம் குதித்தால் கண்ணைக்கூடத் திறக்க மாட்டாள்.
சாட்ஸ்வொர்த்தில் அதுகள் வாடகை தராத குடித்தனக்காரர்கள்,
போகட்டும் என்றிருப்பாள்.
சாவிக்கொத்துச் சத்தத்துக்கு மட்டும்
அலமாரிக்கு அடியில் போய்விடுவாள்.
ஏனென்று நான் தோண்டவில்லை.
எனக்கும் அப்படி ஒரு சத்தம் உண்டு.

பெட்டியைப் பழக்கியதுதான் பெரிய வேலை.
போலீஸ் வண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள் முதல் வாரம்.
மூடியைக் கழற்றி அடுப்படியில் போட்டேன்.
தட்டை தினம் ஒரு சாண் அதன் பக்கமாக நகர்த்தினேன்.
பிறகு உள்ளே. பிறகு மூடியோடு.
பிறகு கதவைச் சாத்தி, பத்து எண்ணி, திறந்து.
துணிக்கொடி வரை தூக்கிப் போய்த் திரும்பினோம்.
ஒரு ஞாயிறு காரில் ஹிகின்சன் சாலை வளைவு வரை போனோம்,
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
நான்தான் பேசிக்கொண்டே ஓட்டினேன்.
ஒவ்வொரு தடவையும் பெட்டி திறந்தால்
என் அடுப்படிதான் இருந்தது.
அதுதான் பாடம்.
அதுதான் பொய்யும்.

விளம்பரத்துக்குப் படம் கேட்டார்கள்.
கிழிந்த காதை மறைத்து நாலு எடுத்தேன்,
நாலிலும் யாரோ ஒரு பூனை.
கடைசியில் காது தெரிய ஒன்றை அனுப்பினேன்.
அந்தக் காதைப் பார்த்துத்தான்
பைன்டவுனிலிருந்து வந்தார் தண்டேகா ம்கிஸே,
தபால் அலுவலகத்தில் முப்பது வருடம், மூட்டுவலி வேறு.
நாற்காலி போட்டேன். வேண்டாமென்று தரையில் உட்கார்ந்தார்.
கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை.
தேநீர் ஆறி ஆடை கட்டியது.
இவள் வந்தாள், செருப்பை முகர்ந்தாள்,
அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.
நம் வழக்கத்தில் அது அவமரியாதை.
பூனை வழக்கத்தில் நிச்சயதார்த்தம்.

இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்:
மாத்திரை, சாறு, தண்ணீர்க் கிண்ணம் சுவரோரம்,
சாவியைத் துணியில் சுற்றி வைக்கவும்.
ஒன்றை மட்டும் எழுதவில்லை.
மறந்துவிட்டேன் என்று காமினியிடம் சொல்லலாம்.
உங்களிடம் எதற்கு.

சனிக்கிழமை பெட்டியை வைத்தேன்.
அவளே நடந்து போய் உள்ளே படுத்தாள்.
நான் துரத்திப் பிடித்திருந்தால்
கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றிரவு மின்சாரம் இல்லை.
இருட்டில் போன் வெளிச்சம்:
"கட்டிலுக்கு அடியில் இருக்கிறாள். சாப்பிடவில்லை.
டச்சஸ் என்றேன். எங்கள் மொழியில் வோஸா என்றேன்.
அசையவில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?"

தப்பு அவருடையது இல்லை.
டச்சஸ் என்று கூப்பிட்டால் அவள் எப்போது வந்தாள்?
மாத்திரைச் சண்டையில் சொல்லிச் சொல்லி
அவளுக்குப் பெயராகிப்போன ஒரு சொல்,
அதைத்தான் நான் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன்,
ஒரு சல்லிக்காசை முடிந்து வைப்பதுபோல்.

அடுப்படியில் நின்று குரலைப் பதிவு செய்தேன்.
முதல் தடவை தொண்டை அடைத்தது. அழித்தேன்.
இரண்டாவது, யாரையோ மிரட்டுவதுபோல் இருந்தது. அழித்தேன்.
மூன்றாவதை அனுப்பினேன்:
"வாடி. வாடி இங்கே."
பின்னால் காசிம் வீட்டு நாய் குரைப்பதும் விழுந்திருக்கிறது.
இருக்கட்டும்.
அந்த நாயையும் அவளுக்குத் தெரியும்.